மீன் பெட்டி

உச்சிப்புளி தாண்டியதும் நடத்துநர்
தெர்மோகோல் பெட்டியைத் தட்டினார்.
"கணவாயா? லக்கேஜ் போடணும்."
இல்லண்ணே,
வேதாளையில் சங்கு குளிக்கிற ஒருவரின்
முதுகுத்தண்டு நீர். நாலு மில்லி.
கையை எடுத்துக்கொண்டார்.
ஐஸ் மட்டும்தான் கணவாய்க்காரரிடம் வாங்கியது.

லாசருபிச்சை.
காலையில் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு
இறால் மாதிரி வளைந்து கிடந்தார்.
எட்டுப் பாகம் இறங்குறவன்
இந்த ஊசிக்கு நடுங்குறேன் பாருங்க, என்று சிரித்தார்.
வாசலில் செல்வமேரி சொன்னார்:
"எங்கிட்ட பேசி மூணு மாசம்.
உங்ககிட்ட சிரிக்கிறார்."

நாங்கள் தேடுவது செரட்டோனினை அல்ல.
அது சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உடைந்துபோகும்.
உடைந்ததில் மிஞ்சுகிற அமிலம்
தண்டுவடத்தின் சதையிலிருந்து கசிந்து
சுற்றியிருக்கும் நீருக்கு வரும்.
அங்கே சுமைகூலிகள் உண்டு,
கண்ணுக்குத் தெரியாதவர்கள்,
தூக்கி இரத்தத்தில் போடுவார்கள்.
பிறகு சிறுநீரகம்.
பிறகு, லாசருபிச்சையின் கணக்கில்,
"வள்ளத்து விளிம்புல நின்னு கடலுக்கே."

மூளையில் உடைந்ததா
முதுகில் உடைந்ததா
இடுப்பில் எடுத்த நீருக்குத் தெரியாது.
செல்வமேரி கேட்டதும் அதைத்தான்:
தலையிலயா, முதுகுலயா?

முன்பெல்லாம் கீல்வாத மாத்திரை ஒன்றைக் கொடுத்து
அந்தக் கூலிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்களாம்.
போக வழியில்லாமல் எவ்வளவு தேங்குகிறதோ
அவ்வளவு ஊறுகிறது என்று அர்த்தம்.
மணல் ஏறி முகம் அடைந்த கழியைப்
பார்த்திருக்கிறேன்.
அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும்
அதில் தினமும் இவ்வளவு தண்ணீர்
சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இப்போது மாத்திரை இல்லை, ஒரே ஒரு எண்.
குறைந்து வந்தால்
ஊறவில்லை என்றும் சொல்லலாம்,
சீக்கிரம் போய்விட்டது என்றும் சொல்லலாம்.
மூன்று மாதம் பேசாததை
எந்தப் பக்கம் எழுத?

பட்டணம்காத்தானில் பெட்டி ஒழுகத் தொடங்கியது.
ஐஸ்தான், குழாய் பத்திரம் என்றேன்.
நடத்துநர் நேற்றைய பேப்பரை மடித்து
அடியில் வைத்தார்.
"பொழைச்சுக்குவாராண்ணு அதுல தெரியுமா?"
வெளியே போனது எவ்வளவு என்று மட்டும் தெரியும், அண்ணே.

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
பிறகு டிக்கெட்
ஒன்றுதான் கிழித்தார்.