பன்னிரண்டாவது இலை

யாகூத்ஸ்கில் சனவரி. மைனஸ் நாற்பத்தேழு.
வெளியே விட்ட மூச்சு
காதருகிலேயே உறைந்து சரசரவென்று உதிர்கிறது.
நட்சத்திரங்கள் கிசுகிசுக்கின்றன என்பார்கள் இங்கே.
எனக்கு அது
யாரோ ரசீதுகளைப் புரட்டும் சத்தம்.

மூன்றடுக்குக் கண்ணாடிக்கு உள்ளே
ஊதா விளக்கின் கீழ்
பதினோராம் இலையோடு நின்றுவிட்டது
என் வெள்ளரிக்கொடி.

வெளிச்சம் உண்டு, நீர் உண்டு, வேர் வெள்ளை.
"காற்றில் சாப்பாடு இல்லை" என்றாள்
விதைக்கடை நியூர்குயானா.
"நாலு பேர் மூச்சுவிடும் வீட்டில் இப்படி ஆகாது."
பதில் பேசாமல்
ஈஸ்ட் பொட்டலத்துக்குக் காசு எண்ணிவைத்தேன்.

க்வாஸ் குடித்துத் தீர்த்த பெரிய பாட்டில்.
நானூறு கிராம் சர்க்கரை.
மணிக்கட்டில் ஊற்றினால் சுடாத வெந்நீர்.
ஈஸ்ட் ஒரு சிட்டிகைதான்:
அள்ளிப்போட்டால் ஒரே இரவில் ஆடித் தீர்த்துவிடும்.
ஆணியைக் காய்ச்சி மூடியில் துளை,
துளையில் சலைன் குழாய்,
சுற்றிலும் மெழுகு.
குழாயின் மறுமுனை ஒரு டம்ளர் தண்ணீரில்,
டம்ளர் கொடியின் காலடியில்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
மறுநாள் பல் துலக்கும்போது
ஒரு குமிழி.
வாயில் நுரையோடு நின்று எண்ணினேன்.
ஏழு நொடிக்கு ஒன்று.
இரவில் விளக்கணைத்த பிறகும்
ப்ளுக்,
ப்ளுக்.
வீட்டில் இன்னொருவர் இருப்பதைப் போல.

ஐந்தாம் நாள் கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு கவ்ரீல்,
லேனா நதியின் பனிச்சாலையில் லாரி ஓட்டுகிறவர்,
வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு.
ஊன்றுகோலோடு இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார்.
"துயாரா, காற்றுக்குழாய் வழியே வாசம் வருகிறது.
நீ சாராயம் போட்டிருக்கிறாய்."
கோட்டுப் பையில்
வெறும் கண்ணாடி டம்ளர் ஒன்று புடைத்துத் தெரிந்தது.

பாட்டிலைக் காட்டினேன்.
குமிழியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"வெள்ளரிக்கா?"
ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தவர்
பனி விரிசலில் முன்சக்கரம் இறங்கிய கதையை
மூன்று மணி நேரம் சொன்னார்.

பேருந்துப் பணிமனையில்
டீசல் கணக்கு எழுதும் கை சும்மா இருக்குமா.
மனிதன் ஒரு நாளில் வெளிவிடுவது
ஏறத்தாழ ஒரு கிலோ.
சர்க்கரை முழுதும் கரைந்தாலும்
பாட்டில் தருவது இருநூறு கிராம், இரண்டு வாரத்தில்.
ஆக, கவ்ரீலின் ஒரு மாலைப்பேச்சு
என் பாட்டிலின் ஒரு வார உழைப்பைவிடக் கூடுதல்.
மூச்சுவிடாமல் பேசுகிறார் என்று
மாடிப்படியில் குறைசொல்வது சுத்தப் பொய்.

பதினாறாம் நாள் குமிழி நின்றது.
தான் வடித்த போதையிலேயே
ஈஸ்ட் செத்து அடியில் படிந்திருந்தது.
புதிதாகக் கரைக்கவில்லை.
சர்க்கரை விலையும் ஏறிவிட்டது.

பன்னிரண்டாவது இலை விரிந்தது,
உள்ளங்கை அகலம், ஓரத்தில் மெல்லிய ரோமம்.
பாட்டிலா, பேச்சா,
பிப்ரவரியில் திரும்பிவந்த
அரைமணி வெயிலா,
தெரியாது.

கவ்ரீல் வரும் நாட்களில்
நாற்காலியைக் கொடிக்குப் பக்கத்தில் இழுத்துப்போடுகிறேன்.
"இங்கேதான் சூடு" என்கிறேன்.
உண்மைக் காரணத்தை
இன்னும் மூச்சுவிடவில்லை.