ஏழாம் எண் கூண்டு

வெள்ளி நண்பகலுக்குள் படிவம் போய்ச் சேரவேண்டும்.
ஆர்வோ இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்,
இரண்டாம் முறை சிரிக்காமல்.

டார்ட்டுவிலிருந்து ஒன்றரை மணி நேரம்.
சதுப்பின் விளிம்பில் வண்டியை நிறுத்தி
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
ஏப்ரல், ஆனாலும் பலகைப் பாதையில் பனி.
ஹெலிஸ் வெளியே நின்று
ரப்பர் பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருக்கிறாள்.

ஓராண்டில். ஐந்தாண்டில். பத்தாண்டில்.
கீழே, பிறகு நினைவுக்கு வந்ததுபோல்,
சொந்த வாழ்வில்.
கட்டத்துக்கு இருநூற்றைம்பது எழுத்து.
இடைவெளியும் எழுத்தாம்.
இலக்கு என்றுதான் தலைப்பு;
கேட்பதென்னவோ இலக்கம்:
எத்தனை கட்டுரை, எத்தனை மாணவர், எத்தனை யூரோ.

முப்பத்தாறு வயதில் நிரப்பியது இன்னும் கோப்பில் இருக்கிறது.
'நாற்பதுக்குள் பேராசிரியர்.'
எவ்வளவு நேரான கோடு!
சொந்த வாழ்வில்: 'வாரம் இருமுறை நீச்சல்.'
மொத்தமே இருமுறைதான் நீந்தினேன்.
ராய்வோவைப் பிரிவது எந்தக் கட்டத்திலும் இல்லை.
அதை மட்டும்தான்
குறித்த காலத்துக்கு முன்பே முடித்தேன்.

இந்த நிலத்தில் அகலக்கால் வைத்தால்
இடுப்புவரை வாங்கிக்கொள்ளும்.
ஆழம் தெரியும் எனக்கு, கம்பி விட்டு அளந்தவள்:
ஆறரை மீட்டர்.
பாசி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறுகிறது,
அதுவும் நல்ல ஆண்டில்.
பத்தாண்டில் எங்கே இருப்பாய் என்று அதைக் கேட்டால்
ஒரு நக அகலம் மேலே, என்னும்.
அதற்கு ஊக்கம் போதாது என்று
யாரும் குறிப்பெழுதுவதில்லை.

பன்னிரண்டு கூண்டுகள், பாசிமேல் கவிழ்த்தவை,
நிலம் விடும் மீத்தேனைப் பிடித்துவைக்க.
போன வாரம் ஏழாவதின் விளிம்பில்
ஹெலிஸ் சோப்பு நீர் ஊற்றினாள்.
ஒரு குமிழி. அதன்மேல் இன்னொன்று.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
என் முகத்தைத்தான் பார்த்தாள்.

மூன்று ஆண்டாகக் கசிந்திருக்கிறது.
மூன்று ஆண்டாக அந்தக் கோடு கீழே இறங்கியதை
நிலம் குணமாகிறது என்று எழுதினேன்.
என் கட்டுரையின் மூன்றாம் படம் அது.
அந்தப் படத்தைக் காட்டித்தான் இந்த நிதி,
இந்த வண்டி, ஹெலிஸின் சம்பளம்.
பன்னிரண்டில் ஒன்றுதானே, என்றது உள்ளே ஒரு குரல்.
அந்த ஒன்றை எடுத்தால்
சரிவு சமதரையாகிவிடுகிறது.
இரவு இரண்டு மணிக்குக் கணக்குப் போட்டேன்.
விடிந்ததும் மறுபடி போட்டேன்.
கணக்குக்குத் தூக்கம் தேவையில்லை போலும்,
அப்படியே இருந்தது.

ஓராண்டில்:
'மூன்றாம் படம் தவறு என்று என் பெயரில் எழுதுவது.
கண்டுபிடித்தது ஹெலிஸ் என்று
அவள் பெயரில் எழுதுவது.'
ஐந்தாண்டில்:
'பன்னிரண்டுக்கும் புது வளையம். அதே இடம்.
அதே கேள்வி.'
பத்தாண்டில்: 'ஒரு சென்டிமீட்டர்.'
சொந்த வாழ்வில் மூன்று முறை எழுதி அழித்தேன்.
கடைசியில் நின்றது:
'இரவு இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பது.'

அனுப்பிய பத்தாம் நிமிடம் ஆர்வோ அழைத்தார்.
'மார்ஜு, இது இலக்கா? வாக்குமூலம்.'
'கட்டம் ஒன்றுதான் இருந்தது' என்றேன்.
அந்தப்பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.
நிதிக்குழு, நற்பெயர், இலையுதிர் கால மதிப்பீடு:
எல்லாம் வரும் என்று காத்திருந்தேன்.
வந்ததோ,
'ஒரு வளையம் என்ன விலை?'
'நான்கு யூரோ இருபது.'
'அவ்வளவுதானா?' என்றார்.
பிறகு மெதுவாக, தனக்கே சொல்வதுபோல்,
'அவ்வளவுதானா.'

பலகையில் எங்கள் நடை சளக் சளக்கென்கிறது.
ஹெலிஸ் குந்தி உட்கார்ந்து
எட்டாம் கூண்டின் விளிம்பில்
சோப்பு நீர் ஊற்றுகிறாள்.
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
பார்க்கிறோம்.