பணகுடி எடைமேடை, இரவு 2.10

லாரி மேடையில் ஏறிவிட்டது.
திரையில் 28,640 என்று நிற்கிறது.
அது முந்தைய வண்டியின் எடை.
முந்தைய வண்டி இந்நேரம்
காவல்கிணறு தாண்டியிருக்கும்.

மவுஸை இழுத்தேன்.
அம்பு பைய வந்தது,
ஆடிக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதிப்பவனைப் போல.
பாதி வழியில் அதுவும் இறங்கி நின்றுவிட்டது.

வெயிலுமுத்து அண்ணாச்சி ஜன்னலில் தலையை விட்டார்.
"என்ன மரியபுனிதம், சவம் செத்துட்டா?"
"சாகல. மலைச்சு நிக்கி."
"அதுல கெடக்கத அப்படியே அடிச்சுத் தந்துரேன்,
நம்ம வண்டியும் ஏறக்குறைய அதான்."
மாட்டேன் என்றேன்.
"அப்ப வயரப் புடுங்கி மாட்டு."
உள்ளே வந்தவரின் கை ப்ளக் பக்கம் போய்விட்டது.

"தொட்றாதிய அண்ணாச்சி."
பெட்டியின் நெற்றியில் கடுகளவு விளக்கு
துடித்துக்கொண்டிருக்கிறது.
அது துடிக்கிறவரை
உள்ளே எதையோ எழுதிக்கொண்டிருக்கிறது.
எழுதுகிற கையைப் பிடித்து இழுத்தால்
வரி மட்டுமா போகும், தாளும் கிழியும்.

போன பங்குனியில் முதலாளியின் மைத்துனர்
இப்படித்தான் ஒரு பிடுங்கு பிடுங்கினார்.
எண்பத்தாறு நடை, போன இடம் தெரியவில்லை.
டிரைவர்கள் சட்டைப் பையிலிருந்து
வியர்வையில் ஊறிய சீட்டுகளைக் கொண்டுவந்தார்கள்.
இசக்கிராஜின் மூன்று சீட்டைச் சட்டையோடு துவைத்துவிட்டார்கள்.
அந்த மூன்று நடைக்குப் பேட்டா
இன்னும் வரவில்லை.

காத்திருந்தோம்.
கணவாய்க்குள்ளிருந்து வந்த காற்று
தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்.
அவற்றையும் யாராவது பிடுங்கிவிடக் கூடாதே என்றிருந்தது.

விளக்கு அடங்கியது.
கண்ட்ரோல், ஆல்ட், டெலீட்.
மூன்று விரலால் ஒரே ஒருதரம்.
கதவைத் தட்டியாயிற்று,
உள்ளே இருப்பவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு வரட்டும்.

நாலு நிமிடம் கழித்துப் பட்டியல் வந்தது.
பகல் ஷிப்ட் ஜெபசிங் திறந்து போட்டுப் போன
பதினாலு ஜன்னல்.
பணகுடியில் ஆடி மாதம்
எவனாவது இப்படித் திறந்து போடுவானா?
கபடிப் போட்டியைச் சாத்தினேன்.
பழைய பைக் விலை, சாத்தினேன்.
யாருடைய கல்யாண ஆல்பமோ, தாலி கட்டுகிற படத்தில் நிற்க,
மன்னித்துக்கொள்ளுங்கள், அதையும்.
எடைக் கணக்கை மட்டும் சேமித்துவிட்டு மூடினேன்.
பிறகுதான் அணைத்தேன்.

கறுத்த கண்ணாடியில் எங்கள் இரண்டு முகம்.
ஆறு வருடமாக என்னிடம் சீட்டு வாங்குகிற ஆள்.
புருவமெல்லாம் கல்தூசி.
அவரும் என்னைப் பார்த்திருப்பார்.
ஒன்றும் சொல்லவில்லை.

"இப்பப் புடுங்குங்க" என்றேன்.
குழந்தை காலில் முள் எடுப்பதுபோல்
பைய எடுத்தார்.
மூடியைக் கழற்றினால், விசிறிக்குள்
அவர் தினமும் ஏற்றிவருகிற அதே தூசி, ஒரு கைப்பிடி.
பெயிண்ட் பிரஷால் தட்டினேன்.
"இதுக்கும் நடைக்கூலி உண்டா" என்றார்.

பூஜ்யம் வைக்க மேடை காலியாக வேண்டும்.
லாரி பின்வாங்கி இறங்கியது.
திரை பிறந்து, பெயர் கேட்டு, கடவுச்சொல் கேட்டு,
கடைசியில் 0 என்றது.
நம்பிக்கை வராமல் நானே நடந்து ஏறினேன்.
செருப்போடு அறுபது.
"சீட்டு அடிக்கலியா?" என்று கேபினிலிருந்து சத்தம்.

கையைக் காட்டினேன்.
முன்சக்கரம் ஏறியதும் எண் ஓட ஆரம்பித்தது.
28,640 வந்தது.
அங்கே நிற்காமல்
தாண்டி ஓடியது.