மூன்றரை மீட்டர்

ஓஸ்த்ராவாவில், ஏழாவது மாடியில்,
சுவருக்கும் சுவருக்கும் நடுவே
மூன்றரை மீட்டர்.
அளவுநாடா சடக்கென்று சுருண்டதும்
வெண்டுலா சொன்னாள்:
"இதோ, குற்றவாளியின் உயரம்."

குற்றவாளி ஒரே ஒரு சுரம்.
அவளது டபுள் பாஸின் தடித்த தந்தியில்
நொடிக்கு நாற்பத்தொன்பது துடிப்பு.
ஒலி எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பும் நேரமும்
தந்தி ஒருமுறை துடிக்கும் நேரமும் ஒன்று.
ஊஞ்சல் வரும் கணம் பார்த்து உந்துவதுபோல்
சுவரே அதை உந்திக்கொண்டிருந்தது.
மற்ற சுரங்கள் வந்த காரியம் சொல்லிவிட்டுப் போயின.
இது, விருந்து முடிந்தும்
செருப்பைத் தேடாத ஆள்.

நட்டநடுவில் நின்றால் ஆளையே காணோம்.
மூலைக்குப் போனால் மாவு மில்.

முதலில் முட்டை அட்டை ஒட்டினோம்.
தொழிற்சாலை கேன்டீனிலிருந்து
முன்னூற்றுச் சொச்சம்.
வில் தந்தியில் உரசும் மினுக்கம் செத்தது.
மில் ஓடியது.

பிறகுதான் பாறைப் பஞ்சு.
இருபது சென்டிமீட்டர் கனம், பின்னால் ஓர் இடைவெளி,
நான்கு மூலையிலும் தரை முதல் கூரை வரை.
நான் சட்டம் அடித்தேன், அவள் துணி இழுத்துத் தைத்தாள்.
ரொட்டி வெட்டும்போதும் முழங்கையைச் சொறிந்தேன்.
அறை சிறுத்தது.
அறையின் வாயும்.

கீழ்வீட்டு ஹினெக் இரவு டிராம் ஓட்டுபவன்,
பகலில் தூங்குபவன்.
துடைப்பக் கம்பால் கூரையை இடித்தே
எங்களுக்கு அறிமுகம்.
"இப்போது பரவாயில்லையா?" என்று கேட்டேன்.
"உங்களுக்கு" என்றான்.

உண்மைதான். பஞ்சு அறைக்குள் இருப்பதைத்தான் விழுங்கும்;
கான்கிரீட் வழியே இறங்குவதைத் தடுக்காது.
இரண்டு மணிக்கு முன் வாசிப்பதில்லை என்று
வெண்டுலா கைகொடுத்தாள்.

பதிவு நாள்.
அந்தச் சுரம் வீங்கியது, வற்றியது,
வீங்கியது, வற்றியது,
உறங்குபவன் மார்பு போல.
பஞ்சை வைத கையோடு வில்லை எடுத்தாள்.
நின்றது அவள் சுரம்.
நிற்கவில்லை இன்னொன்று.

தரையில் காதை வைத்துப் படுத்தேன்.
இத்தனை நாளும் அறையின் முழக்கத்துக்குள்
ஒளிந்திருந்தது:
ஹினெக்கின் ஃப்ரீசர்,
அவளைவிட ஒரு மயிரிழை தாழ்ந்த சுருதியில்,
பக்கத்தில் நடந்து
அடிக்கடி கால் தடுக்கியபடி.

மூன்று மணிக்குக் கதவைத் தட்டினோம்.
தலையைச் சொறிந்தான். நீண்ட நேரம் யோசித்தான்.
பிளக்கைப் பிடுங்கினான்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்,
மடியில் போர்வை சுற்றிய காட்டு அவுரிநெல்லி,
கோடை முழுக்க அவன் அம்மா பறித்தது.
"இன்னும் எவ்வளவு நேரம்?"
இரண்டாவது டேக்கில் வெளியே நாய்.
மூன்றாவதில் என் இருமல்.
ஊதாச் சாறு ஒரு படி இறங்கிவிட்டது.

நான்காவதில் அந்தச் சுரம்
வந்தது, இருந்தது, போனது.

அவுரிநெல்லியை அன்றிரவே
மூவரும் தின்றுதீர்க்க வேண்டியதாயிற்று.
எட்டே காலுக்கு அவன் டிராம்.
நாக்கு நீலமாகவே போனான்.