பதின்மூன்றாம் படி

வீட்டை அறுப்பது என்று முடிவானதும்
சுண்ணாம்புக் கோடு போட்டவர் என் கணவர் பால்தோமேரோ.
கோடு கோணல் என்றார் அவருடைய அண்ணன் அன்செல்மோ.
மறுபடி அளந்தார்கள்.
மாமியாரின் கட்டில் கிடந்த இடத்தின் நடுவே போனது கோடு.
அவள் போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

இரண்டாள் பிடிக்கிற ரம்பம்.
வேறு யாரும் வர மறுத்ததால்
ஒரு முனை இவர், மறுமுனை அவர்.
இழு, விடு. இழு, விடு.
சேர்ந்து செய்த கடைசி வேலை.
சொல்லக் கூடாது, தாளம் தப்பவே இல்லை.

ஓதம் ஏறிய விடிகாலையில்
எட்டுச் சோடி எருது கரைவரை இழுத்துவிட,
பீப்பாய்கள் கட்டிய பாதி வீடு
அக்கரைக்கு மிதந்து போனது.
சிலோயே தீவில் வீடு இடம் மாறுவது அதிசயமில்லை;
ஊரே கூடி இழுக்கும், பிறகு விருந்து.
அன்று விருந்து இல்லை.
அறுபட்ட பக்கம் எங்களைப் பார்த்தபடியே போனது:
நீலக் காகிதச் சுவர், நாள்காட்டி ஆணி,
கொக்கியில் யாரோ மறந்த ஒற்றைக் காலுறை.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.
மாடி அவர்களுக்குப் போயிருந்தது.
மாடிப்படி எங்களுக்கு.

ஒன்பது வருடம் அவர் ஏணியில் ஏறித் தூங்கினார்.
எங்கள் படி கூரைப்பலகையில் முட்டி நின்றது.
அதில் நான் உருளைக்கிழங்கு வைத்தேன், படிக்கு ஒரு வகை.
மேல்படியில் வைத்தது மட்டும் அழுகிவிடும்.
"ஒரு வார்த்தை கேட்டால் கொடுத்துவிடுவேன்" என்பார் இவர்.
"கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்" என்றாராம் அவர்.
சர்ச்சில் இருவரும் ஒரே தொண்டையில் இருமுவார்கள்.

ஜூலை மழையில் ஏணி வழுக்கியது. இடுப்பெலும்பு.
செய்தி கேட்டு இவர் சூப்பை முடித்தார்.
பிறகு விடிய விடிய ஆணி பிடுங்கும் சத்தம்.
கிழங்குகளை மடியில் வாரிக்கொண்டேன்.
படகில் பதின்மூன்று படிகள், கைப்பிடி, ஒரு டப்பா ஆணி.
மழையிலேயே துடுப்புப் போட்டார்.
திரும்பியபோது படகு காலி.
"கொடுத்தீர்களா?"
"வாசலில் வைத்தேன்."

மறுநாள் அக்கரையில் புகை,
கறுப்பாக, கொழுப்பாக. அதற்கடுத்த நாளும்.
வார்னிஷ் புகை என்று ஊருக்கே தெரியும்.
இவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. திட்டவும் இல்லை.
மூன்றாம் நாள் சாயங்காலம், புகை மெலிந்து திணறியபோது,
"அது பதின்மூன்றாவது" என்றார்.
"மேலே ஒழுகுமில்லையா, அந்தப் படி.
ஈரம் போகாது. ஊதி ஊதித்தான் எரிக்கணும்.
அவனுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுத்
தானும் லேசாக ஊதினார்,
எதிரே சூப் கூட இல்லை.