பால்மாவின் ஆறு கிழமை

குருமன்காட்டிலிருந்து கஜீபனின் வான்
ஆறு கிழமைக்கு ஒருக்கால் மாங்குளம் வரும்.
வானுக்கு நீலம் அடித்திருக்கிறான்,
நல்ல காலம்.

அதுக்கிடையில் இவள் என் பொறுப்பு.

பால்மாத் தட்டுப்பாட்டில் வந்து சேர்ந்தவள்,
அதனால் பால்மா.
மூன்றாம் நாளே கிரவல் தூசி ஏறித்
தேத்தண்ணி நிறம்.

வேலைத்தலத்தைப் பூட்டி
கை கிறீஸ் போகக் கழுவி, மணந்து பார்த்து,
திரும்பக் கழுவி
சாக்கு விரித்துக் குந்துகிறேன்.
உழவு மெஷினின் கியர்ப்பெட்டியைக்
கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவேன்.
இவளின் காதுக்குப் பின்னால் ஒரு சடைமுடிச்சு,
அதுக்கு என்னைக் கண்டால் நக்கல்.

சோளமா தூவு, விரலால் பிரி,
நுனியிலிருந்து சீவு, வேரில் இழுக்காதே:
கஜீபன் போனில் சொன்னது.
நாயுருவி மட்டும் சொல்லுக் கேளாது.
அதுக்குப் பெயர் வைத்தவன்
வளவுக்குள் நாயை அவிழ்த்துவிட்டுப்
பின்னேரம் முழுக்க உருவிக்கொண்டிருந்தவன்தான்.

உண்ணி ஏழு. போத்தல் மூடியில் மண்ணெண்ணெய்.
எட்டாவது உண்ணியென்று நான் திருகியது
அவளுடைய முலைக்காம்பு.
மன்னிப்புக்கு அரை மாரி பிஸ்கற்.

நகத்துக்கு ரோச் அடித்துப் பார்க்கவேணும்.
வெள்ளை நகத்தில்
ரத்தம் எதுவரை வந்து நிற்கிறதென்று
ரோசாவாகத் தெரியும்.
ஒரேயொரு கறுப்பு நகம் இருக்கிறது.
போன மாசம் அதில் கூட வெட்டிவிட்டேன்.
கோப்பித்தூளை வைத்து அழுத்திக்கொண்டு
ஒன்பது மணிச் செய்தி முடியுமட்டும் இருந்தேன்.
அவள் கத்தவில்லை. என் மணிக்கட்டை நக்கினாள்.
அதுதான் பொல்லாதது.

ஒருமுறை கொம்பிரசர் காற்றில் காயவைத்தேன்.
மூன்று நாள் வேலைத்தலப் பக்கம் வரவில்லை.
நான்காம் நாள் வந்து
புது ரியூப் ஒன்றில் மூத்திரம் பெய்துவிட்டுப் போனாள்.

இடது பின்னங்காலை மட்டும் தொடவிடமாட்டாள்.
பல்லைக் காட்டமாட்டாள்,
மெதுவாக எடுத்து
வயிற்றுக்கடியில் வைத்துக்கொள்வாள்.
இரண்டு வயசில் வந்தவள்.
அதுக்கு முந்தி ஆர் வீடு, என்ன நடந்தது, தெரியாது.
எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தாயிற்று,
எலும்பில் ஒன்றுமில்லை.

சலூனில் நானும்
வலது காதுக்கு மேல் மெஷின் வேண்டாம்,
கத்தரிக்கோல் போதும் என்பேன்.
பதினொரு வருசமாகச் சற்குணன்
ஏனென்று கேட்டதில்லை.
அந்த இடம் வரும்போது
ரேடியோவைக் கொஞ்சம் குறைப்பான்.

காலை விட்டுவிட்டு
வாலுக்குப் போனேன்.
கத்தரி வழுக்கிவிட்டது.
மாடிப்படி மாதிரி மூன்று தட்டு.

வியாழக்கிழமை வான் வந்தது.
கஜீபன் அவளை மேசையில் தூக்கி நிறுத்தி
வாலைப் பிடித்தபடி கேட்டான்:
“அண்ணை, இது ஆர் வெட்டினது?”

பால்மா என்னைப் பார்த்தாள்.
நான் வானுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.
“சைலன்சர் சத்தம் மாறியிருக்கு, தம்பி.
போகமுன்னம் ஒருக்கால்
கழற்றிப் பாப்பம்.”