புதன்கிழமை நாற்காலி

ஊரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.
நாற்காலிதான் தேர்ந்தெடுத்தது.

ஏழு ஊர்களுக்கு எழுதிக் கேட்டோம்.
கடற்கரை ஊர்கள் மூன்றும்
ஜூனில் இடமில்லை என்றன.
மலையூர் ஒன்று பதிலே போடவில்லை.
எவோராவிலிருந்து மட்டும்
இடாலினா என்றொரு செவிலி எழுதினாள்:
'புதன் மதியம் ஒன்றரைக்கு
ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலி.
நான்கு மணி நேரம்.
போர்வை எடுத்து வாருங்கள்.
எங்கள் ஏசிக்கு இரக்கம் கிடையாது.'

அப்படி முடிவானது
போர்ச்சுகலில் அலென்தேஜோ.
அந்தப் பெயரை ஹினெக்
ஒயின் புட்டி ஒன்றில் பார்த்திருக்கிறான்,
குடிக்க விட்டிருந்த காலத்தில்.

திங்கள் காலை இங்கே பர்னோவில்
இரத்தம் கழுவிக்கொண்டு
மாலை வியன்னாவில் விமானம் ஏறினால்
புதன்வரை தாங்கும்.
புதன் அங்கே.
வெள்ளி மாலை
மறுபடி நம்மூர் இயந்திரம்.
எங்களுக்கென்று மிஞ்சுவது
செவ்வாய் முழுசாக,
வியாழன் முழுசாக,
புதன் காலையில் ஒரு துண்டு.

அடுக்களை மேசையில் வரைபடத்தை விரித்தோம்.
மூலைக்கொரு பாரம்:
அவன் தொடக் கூடாத உப்பு ஜாடி,
மாத்திரை டப்பா,
என் கண்ணாடிக் கூடு,
பூனை.
பூனை ஸ்பெயின்மேல் படுத்துக்கொண்டது.
படுக்கட்டும், அந்தப் பக்கம் போகப் போவதில்லை.

இருபத்தெட்டு வருடம்
டிராம்களுக்குக் கால அட்டவணை போட்டவன் ஹினெக்.
செவ்வாயை ரொட்டிபோல் நறுக்கினான்.
8.10 எஸ்த்ரெமோஸ், பளிங்குக் குவாரி.
10.40 கோட்டை, படிகள் நூற்றுச் சொச்சம்
(கேள்விக்குறி).
12.05 நிழல்.
நிழலுக்கும் நேரம் போட்டிருந்தான்.
நான் ஆசைப்பட்ட மெர்தொலா,
ஆற்றின்மேல் வெள்ளை வீடுகள்,
போக வர மூன்றரை மணி என்று
பென்சிலால் செத்துப்போனது.

'காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு
ஓட வேண்டுமா?' என்றேன்.
'உட்காரத்தான்
வாரத்தில் மூன்று நாள் இருக்கிறதே'
என்றான், தலை நிமிராமல்.

நான் எழுந்துபோய்
அவசியமில்லாமல் பென்சில் சீவினேன்.

நாளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்,
சூப்பும் அதில் அடக்கம்.
அங்கே வெயில் முப்பத்தைந்து.
ஐஸ் கட்டிக்கு அவர்கள் மொழியில் ஷேலு.
நான் படித்துவைத்த ஒரே வார்த்தை.
தெருவெல்லாம் ஆரஞ்சு மரமாம்.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.
அவன் இரத்தத்துக்கு ஆரஞ்சு ஆகாது.
நான் தின்பேன், அவன் தோலை முகரட்டும்
என்று நினைத்தேன்.
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.
பிறகு அதையே அவன் சொன்னான்:
'தோலை என்னிடம் கொடுத்துவிடு.'

புத்தகத்தில் தக்கை மரத்தைப் பற்றி ஒரு பக்கம்.
பட்டையை உரித்தெடுத்த பிறகு
அந்த வருடத்தின் கடைசி எண்ணை
அடிமரத்தில் வெள்ளையாய் எழுதிவைப்பார்களாம்.
ஒன்பது வருடம் கழித்துத்தான்
மறுபடி கை வைப்பார்களாம்.
உரக்கப் படித்துக்கொண்டே வந்தவன்
அங்கே நிறுத்தினான்.
அவன் கூட்டலில் கெட்டிக்காரன்,
நானும் மோசமில்லை.
யாரும் கூட்டவில்லை.

வியாழன் பக்கத்தில் எழுதினான்:
தக்கை மரங்கள்.
பக்கத்தில் நேரம் எதுவும் போடவில்லை.
அவன் கையெழுத்தில்
நேரமில்லாத வரியை
அன்றுதான் பார்த்தேன்.

இடாலினாவின் இரண்டாம் கடிதத்தில் பாதி படிவம்:
உலர் எடை, ஒவ்வாமை, எந்தக் கை.
அடியில் கையால் ஒரு வரி.
'ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்தான்,
ஏமாற வேண்டாம்.
ஆனால் விளக்குக் கம்பத்தின் உச்சியில்
நாரை கூடு கட்டியிருக்கிறது.
குஞ்சுகள் ஜூன்வரை இருந்தால்
உங்கள் அதிர்ஷ்டம்.'

ஹினெக் அட்டவணையை இழுத்துக்கொண்டான்.
நாற்காலி என்று போட்டிருந்ததை
ரப்பரால் அழித்துவிட்டு
புதன் 13.30 முதல் 17.30 வரை
நாரை
என்று எழுதினான்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது.
பூனையை மாடிவீட்டு பிளாஷெனா பார்த்துக்கொள்வாள்.
எந்தப் போர்வை என்பதில்தான்
இன்னும் சண்டை:
பச்சை கனம்,
நீலத்தில் பூனை முடி.